யாங்கோனின் புகை யாருடைய கணக்கில்?

குளிர்காலம் தொடங்குமுன் பிள்ளைகளுக்குக் குளிரங்கி வாங்குவது எமது குடும்பங்களில் ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் காரியம். சென்ற ஆண்டு வாங்கிய அங்கியின் கை இவ்வாண்டு மணிக்கட்டுக்கு மேலே நிற்கும். மூத்தவனுடையது இளையவளுக்குப் போகும். மூத்தவனுக்குப் புதிது வாங்கியே ஆகவேண்டும். கடையில் நாம் விலையைப் பார்க்கின்றோம், துணியின் தடிப்பைப் பார்க்கின்றோம். உட்புறத் தையலோடு இருக்கும் சிறிய துணித்துண்டை மட்டும் பார்ப்பதில்லை. 2013ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்த குளிரங்கிகள் பலவற்றில் அத்துண்டு கூறும் நாடு மியன்மார். எமது பெற்றோர் பர்மா என்று அறிந்திருந்த அதே நாடு.

அதே வீட்டின் சமையலறையில் தோசைக்கு ஊறப்போட்டிருக்கும் உழுந்தும் அந்நாட்டில் விளைந்ததாக இருக்கக்கூடும். பொதியின் மேல் இந்திய வணிகக்குறி இருக்கலாம். எனினும் இந்தியா வெளிநாடுகளிலிருந்து வாங்கும் உழுந்தின் மிகப் பெரும்பகுதி மியன்மாரிலிருந்தே வருகின்றது.

அங்கியும் உழுந்தும் புறப்படும் வாசல் ஒன்றே. அது யாங்கோன், பழைய ரங்கூன். அவ்வாசலில் எழும் புகையைப் பற்றியே இங்கு எழுத முனைகின்றோம். அப்புகை யாருடைய கணக்கில் எழுதப்படவேண்டும்? யாருடைய செலவில் குறைக்கப்படவேண்டும்? உலகின் பெரிய வர்த்தக நிறுவனங்கள் பல தமது வழங்கற் சங்கிலியின் காபன் வெளியேற்றத்தைக் குறைக்கப்போவதாக அறிக்கை விடுகின்ற காலம் இது. அவ்வறிக்கைகளின் உண்மையை உரசிப் பார்ப்பதற்கு யாங்கோனைவிடப் பொருத்தமான உரைகல் அரிது.

அகதி வாழ்வில் ஆயிரம் கவலை இருக்க இது எமக்கு எதற்கு என்று கேட்கும் வாசகர்களும் இருப்பர். எம்மவர் பலர் கடை நடத்துகின்றனர். பலர் களஞ்சியங்களில் பொதி சுமக்கின்றனர், பாரவூர்தி ஓட்டுகின்றனர். எல்லோரும் வாங்கி உண்கின்றோம், வாங்கி உடுக்கின்றோம். அச்சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் நாம் ஒவ்வொருவரும் நிற்கின்றோம்.

மூன்று பேரேடுகள்

ஒரு நிறுவனம் தன் புகையை எவ்வாறு கணக்கிடுகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று. உலக வளங்கள் நிறுவனமும் நிலைத்த அபிவிருத்திக்கான உலக வர்த்தகப் பேரவையும் சேர்ந்து 2001இல் பச்சைவீட்டு வாயுக்களுக்கான கணக்கியல் நெறிமுறையொன்றை வெளியிட்டன. அதன்படி ஒரு நிறுவனத்தின் வெளியேற்றம் மூன்று பேரேடுகளில் எழுதப்படுகின்றது. தனது சொந்தக் கொதிகலன்களிலும் வாகனங்களிலும் எரிக்கும் எரிபொருள் முதலாவது பேரேடு. விலைக்கு வாங்கும் மின்சாரத்திற்காக மின்நிலையத்தில் எழும் புகை இரண்டாவது. தனக்காகப் பிறர் நூற்பது, நெய்வது, சாயமிடுவது, தைப்பது, ஏற்றியிறக்குவது, ஈற்றில் வாங்கியவர் துவைத்து உலர்த்தி எறிந்துவிடுவது ஆகிய எல்லாவற்றின் புகையும் மூன்றாவது. இம்மூன்றாம் பேரேட்டுக்கென 2011இல் தனி நெறிமுறை வெளியாயிற்று. அதில் 15 தலைப்புகள் உள்ளன.

கலியாண வீட்டுச் சமையலை வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டு, 'எங்கள் வீட்டு அடுப்பில் புகையே இல்லை' என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். முதலிரு பேரேடுகளை மட்டும் காட்டி, தமது புகை பாதியாகக் குறைந்துவிட்டது என்று பறைசாற்றும் ஆடை நிறுவனத்தின் கதையும் அத்தகையதே. அதன் கடைகளில் விளக்குகள் மாற்றப்பட்டிருக்கலாம், அலுவலகக் கூரையில் சூரியத் தகடுகள் மின்னலாம். ஆனால் ஆடை வணிகத்தில் வெளியேற்றத்தின் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாத பகுதி பெரும்பாலும் மூன்றாவது பேரேட்டிலேயே கிடக்கின்றது.

தையலறைக்கு முன்னே

யாங்கோனின் ஆடைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை வெட்டித் தைத்துப் பொதிசெய்து அனுப்பும் வேலையை மட்டுமே செய்து வந்துள்ளன. துணியும் நூலும் பொத்தானும் இழுவைப் பூட்டும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும். தொழிற்சாலைக்குக் கிடைப்பது தையற்கூலி மாத்திரமே. ஆகவே குளிரங்கியின் புகையில் பெரும்பங்கு அது யாங்கோனை அடையுமுன்னரே எழுந்துவிடுகின்றது.

உலக ஆடைத்துறையின் வெளியேற்றம் 2019இல் ஏறத்தாழ 100 கோடி தொன் என, உலக வளங்கள் நிறுவனம் இணைந்து 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று மதிப்பிட்டது. உலகின் மொத்த வெளியேற்றத்தில் இது ஏறத்தாழ 2 சதவீதம். இதில் துணி நெய்தல், சாயமிடுதல், மெருகூட்டல் ஆகியவற்றின் பங்கு 52 சதவீதம். பருத்தி விளைவிப்பது, செயற்கை இழைக்கான எண்ணெய் எடுப்பது போன்ற மூலப்பொருட் பங்கு 24 சதவீதம். நூலாக்கம் முதலிய இடைநிலை வேலைகளின் பங்கு 15 சதவீதம். வெட்டித் தைக்கும் இறுதித் தொழிற்சாலையின் பங்கு 9 சதவீதம் மாத்திரமே.

இக்கணக்கில் ஒரு பாடம் உண்டு. தைப்பவளிடம் சென்று 'புகையைக் குறை' என்று உத்தரவிடுவதால் மாத்திரம் அங்கியின் புகை குறைந்துவிடாது. சாயப்பட்டறையின் நிலக்கரிக் கொதிகலன் மாறவேண்டும். எந்த இழை, எந்தச் சாயம், எந்த ஆலை என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் வாங்கும் நிறுவனத்தாரே. தையற்சாலைக்கு அதில் குரல் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே உள்ளதோ அங்கேயே பொறுப்பும் இருத்தல் நியாயம்.

எனினும் அந்த 9 சதவீதத்தைச் சிறிது என்று தள்ளிவிட முடியாது. யாங்கோனில் அது வீங்குவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு.

மின்சாரம் நின்றவுடன்

மியன்மாரின் பொது மின்வலையமைப்பு பெரும்பாலும் நீர்மின்னிலும் இயற்கை வாயுவிலும் தங்கியது. புகையைப் பொறுத்தவரை, நிலக்கரியை நம்பியிருக்கும் பல நாடுகளைவிட இது தூய்மையானது. குறை என்னவெனில் அம்மின்சாரம் போதாது. பங்குனி முதல் வைகாசி வரையான வரட்சிக் காலத்தில் அணைகளில் நீர் குறையும். யாங்கோனில் மின்வெட்டு நீளும். 2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் இந்நிலை மேலும் மோசமாயிற்று. புதிய மின்நிலையத் திட்டங்கள் நின்றன, முதலீட்டாளர் விலகினர், நாணயத்தின் பெறுமதி சரிந்தது. ஆட்சி கவிழ்க்கப்படுமுன் ஒரு டொலருக்கு 1,300 கியாத் அளவில் இருந்த மாற்றுவீதம், 2024இல் சந்தையில் 4,000 கியாத்தையும் கடந்தது.

மின்சாரம் நின்றவுடன் தொழிற்சாலையின் பின்புறத்தில் மின்பிறப்பாக்கி உறுமத் தொடங்கும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். அந்த ஒரு லீற்றரிலிருந்து கிடைப்பது மூன்று முதல் மூன்றரை அலகு மின்சாரம். எனவே அலகொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிலோ. நீர்மின்னும் வாயுவும் கலந்த பொது மின்சாரத்தின் அலகுக்கு இதில் பாதியும் ஆகாது. நாளொன்றுக்கு 500 லீற்றர் டீசல் எரிக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலைநாள் எனில் அதன் பின்முற்றத்தில் மட்டும் 400 தொன்னுக்கு மேல் வெளியாகும். அப்புகையை முதலில் சுவாசிப்பவர் ஐரோப்பாவில் அங்கி வாங்கும் நாமல்ல. மதிலுக்கு அப்பால் தகரக் கொட்டகைகளில் குடியிருக்கும் தொழிலாளரின் பிள்ளைகளே.

டீசலின் விலை தூய மின்சாரத்திலும் பன்மடங்கு. தொழிற்சாலைக்குக் கிடைக்கும் தையற்கூலி உயராதபோது, டீசலுக்குக் கொடுத்த பணம் எங்கிருந்தோ பிடிக்கப்பட வேண்டும். எங்கிருந்து பிடிக்கப்படும் என்பதை, கூலிக்கு உழைத்த எம்மவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை

புகையைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 2013இல் யாங்கோனில் தொடங்கிய 'ஸ்மார்ட் மியன்மார்' என்னும் திட்டம் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சக்திச் சிக்கனத்தைக் கற்பிக்கும் வேலையை மேற்கொண்டது. இத்தகைய வேலைகளில் கண்டறியப்படும் வழிகள் பெரும்பாலும் எளியவை.

முதலாவது, தையல் இயந்திரம். பழைய வகை மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் வேலைநேரம் முழுவதும் சுழன்றுகொண்டேயிருக்கும். சேர்வோ மோட்டார் எனப்படும் புதிய வகையோ பாதத்தை அழுத்தும்போது மாத்திரம் சுழலும். தைப்பவர் துணியைத் திருப்பும் நேரமும் நூல் கோர்க்கும் நேரமும் சேர்ந்தால் நாளில் பெரும்பகுதி ஆகிவிடும். ஆகையால் இம்மாற்றத்தால் இயந்திரத்தின் மின்செலவு பாதிக்குமேல் குறையும்.

இரண்டாவது, நீராவி. ஆடைகளை அழுத்தும் பகுதிக்கு நீராவி வேண்டும். அதற்கான கொதிகலனில் விறகோ நிலக்கரியோ டீசலோ எரிகின்றது. நீராவிக் குழாய்களுக்கு வெப்பக் காப்புறை போடுவது, கசிவுகளை அடைப்பது, குளிர்ந்து நீராகும் நீராவியை வீணாக வடியவிடாது மீண்டும் கொதிகலனுக்கே அனுப்புவது ஆகியவற்றுக்குப் பெரும் செலவில்லை. வெறும் குழாயைத் தொட்டால் கை வேகும் என்றால், காசு காற்றில் போகின்றது என்பதே அதன் பொருள்.

மூன்றாவது, கூரை. தொழிற்சாலைகளின் கூரைகள் பரந்தவை. 100 கிலோவாற்று அளவான சூரியத் தகடுகள் யாங்கோன் வெயிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரம் அலகு தரக்கூடும். அதில் பாதியே டீசலுக்குப் பதிலாக அமைந்தாலும் 50 தொன் காபனீரொட்சைட்டு மிச்சம். ஆனி முதல் புரட்டாதி வரை மழைமேகம் மூடியிருக்கும் என்பது உண்மை. அக்காலத்தில்தான் அணைகளும் நிறையும் என்பதால் ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்யும்.

நான்காவது, கப்பல். யாங்கோன் துறைமுகம் கடலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உள்ளே ஆற்றங்கரையில் உள்ளது. ஆழம் போதாமையால் பெருங்கப்பல்கள் அங்கு வருவதில்லை. சிறு கப்பல்கள் கொள்கலன்களைச் சிங்கப்பூருக்கோ மலேசியாவின் கிள்ளான் துறைக்கோ கொண்டுசென்று பெருங்கப்பல்களில் ஏற்றுகின்றன. 2023இன் இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டமையால் பல கப்பல்கள் சுயெஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றின. பயணம் ஏறத்தாழ இரு வாரம் நீண்டது. இவ்வாறு தாமதமாகும்போது வாங்குவோர் பொறுமையிழந்து ஆடைகளை விமானத்தில் அனுப்பக் கோருவதுண்டு. ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்லக் கொள்கலன் கப்பல் வெளியிடுவது 10 முதல் 20 கிராம்; விமானம் வெளியிடுவது 500 கிராமுக்கு மேல். கூரைத் தகடுகளால் ஓராண்டு முழுவதும் சேமித்ததை அவசரமான சில விமானச் சரக்குகள் விழுங்கிவிடும். உருமாதிரியைக் காலத்தோடு முடிவுசெய்து, கடைசி வாரத்தில் நிறத்தை மாற்றாதிருப்பதும் ஒரு காபன் சிக்கனமே. அதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. வாங்குபவரின் ஒழுங்கே போதும்.

பணம் யாருடையது?

வழிகள் இருந்தும் ஏன் நடைபெறுவதில்லை? சேர்வோ மோட்டாருக்கும் சூரியத் தகட்டுக்கும் முதலில் பணம் போடவேண்டும். பயன் மூன்று நான்கு ஆண்டுகளில்தான் திரும்பும். வாங்கும் நிறுவனமோ அடுத்த பருவத்துக்குமேல் உறுதி கொடுப்பதில்லை. அடுத்த பருவத்தில் கட்டளை வருமோ என்று அறியாத முதலாளி, நான்காண்டுக் கடனை எந்த நம்பிக்கையில் எடுப்பார்? வங்கிதான் எந்த நம்பிக்கையில் கொடுக்கும்?

வாங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் அனுப்புவது வினாக்கொத்து. எத்தனை அலகு எரித்தீர், எத்தனை லீற்றர் ஊற்றினீர் என்ற கேள்விகள் நிறைந்த தாள்கள். கணக்குக் கேட்பது அவசியம். அளக்காததைக் குறைக்க முடியாது. ஆனால் கணக்கு மட்டும் கேட்டு, விலையையும் குறைத்துக் கேட்டால், தொழிற்சாலை கற்றுக்கொள்வது தாள் நிரப்பும் வித்தையை மாத்திரமே.

மாறான உதாரணமொன்றும் மியன்மாரிலேயே உண்டு. 2014இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் அங்கு சேவையைத் தொடங்கியபோது, மின்வலையமைப்பு எட்டாத கிராமங்களில் ஆயிரக்கணக்கான அலைக்கோபுரங்கள் எழுந்தன. அவற்றிற் பல டீசலில் இயங்கின. 2017இல் தொடங்கப்பட்ட யோமா மைக்ரோ பவர் என்னும் நிறுவனம் அக்கோபுரங்களுக்கருகே சிறிய சூரிய மின்நிலையங்களை அமைத்து, கோபுரத்துக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை அயற்கிராமத்துக்கு விற்றது. கோபுரம் என்ற நிலையான வாடிக்கையாளர் இருந்தமையால்தான் முதலீடு கிடைத்தது. நிலையாக வாங்குவேன் என்ற ஒரு வாக்குறுதி, டீசலைக் குறைத்தது. விளக்கில்லாத வீடுகளுக்கு விளக்கையும் கொடுத்தது.

ஆகவே நிறுவனங்கள் செய்யவேண்டியதை இவ்வாறு சுருக்கலாம். அளக்கவேண்டும். அதிகப் புகை எழும் கண்ணி எதுவெனக் கண்டு அங்கிருந்து தொடங்கவேண்டும். பல ஆண்டுக் கொள்வனவு உறுதி வழங்கவேண்டும். மாற்றத்துக்கான செலவை விலையில் சேர்த்தோ, குறைந்த வட்டிக் கடனாகவோ தாம் பகிரவேண்டும். இவற்றில் இறுதி இரண்டும் இல்லாமல் முதலிரண்டை மாத்திரம் செய்வது, பசித்தவனின் நிறையை நிறுத்துப் பார்த்துவிட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

விலகிச் சென்றோரும் நின்றோரும்

யாங்கோனின் மேற்கே, லைங் ஆற்றுக்கு அப்பால் இருப்பது லைங்தாயா. 2014 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 6 இலட்சத்து 88 ஆயிரம் மக்கள் வாழ்ந்த தொழிற்பேட்டைப் பிரதேசம் இது. இங்குள்ள தையற்சாலைகளில் வேலைசெய்வோர் பெரும்பாலும் ஐராவதிக் கழிமுகத்துக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2008 மே 2ஆம், 3ஆம் திகதிகளில் நர்கிஸ் புயல் அக்கழிமுகத்தை அடித்துச் சென்றது. இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 1 இலட்சத்து 38 ஆயிரம் பேர். வயலும் படகும் மாடும் இழந்த குடும்பங்கள் பல பிழைப்புத்தேடி யாங்கோனின் ஓரங்களில் குடியேறின. எல்லை கடக்காதபடியால் அவர்களை அகதிகள் என்று எவரும் பதிவுசெய்யவில்லை. ஆயினும் ஒரே இரவில் வீடிழந்து, தெரியாத ஊரில் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டவர்களை எமக்கு அடையாளம் தெரியாமற் போகாது.

ஒரு தனிப் புயலின் பழியைக் காலநிலை மாற்றத்தின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. ஆனால் வெப்பமேறும் கடல் புயல்களுக்கு வலுவூட்டுகின்றது, உயரும் கடல்மட்டம் புயலின் நீரை மேலும் உள்ளே தள்ளுகின்றது என்பது அறிவியல் கண்ட உண்மை. கடலால் துரத்தப்பட்டு வந்தவளே, கடலை வெப்பமாக்கும் டீசற் புகைக்குள் அமர்ந்து எமது பிள்ளையின் அங்கியைத் தைக்கின்றாள்.

2020இன் தொடக்கத்தில் மியன்மாரின் ஆடைத்துறையில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வேலைசெய்தனர். 2018இல் நிர்ணயிக்கப்பட்ட நாளொன்றின் குறைந்தபட்சக் கூலி 4,800 கியாத். அன்றைய மதிப்பில் மூன்று டொலருக்குச் சற்று மேல். ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்து முதலில் வீதிக்கு வந்தவர்களில் அப்பெண்களும் இருந்தனர். 2021 மார்ச் 14இல் லைங்தாயாவில் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அன்றே அங்கு இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. தொழிலாளர் உரிமைகள் மீறப்படுவது பற்றிய முறைப்பாடுகள் பெருகிய நிலையில், பிரைமார்க், மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் ஆகியன 2022இலும், சாறாவின் உரிமையாளரான இன்டிடெக்ஸ், எச் அன்ட் எம் ஆகியன 2023இலும் மியன்மாரிலிருந்து விலகப்போவதாக அறிவித்தன.

அவை விலகியது காபனுக்காக அல்ல. விலகியது சரியா, நின்றிருக்கவேண்டுமா என்பதில் தொழிற்சங்கங்களிடையேயே இருவேறு கருத்துகள் இருந்தன. நாம் இங்கு சுட்டுவது கணக்கின் ஒரு வினோதத்தை மாத்திரமே. ஒரு நிறுவனம் யாங்கோன் தொழிற்சாலையை விட்டு விலகினால், அத்தொழிற்சாலையின் டீசற் புகை அதன் பேரேட்டிலிருந்து மறைந்துவிடும். மின்பிறப்பாக்கி அங்கேயே இருக்கும். வேறொரு வாங்குபவருக்காக உறுமும். பேரேட்டில் குறைவது வேறு, வானத்தில் குறைவது வேறு. அழுக்கான கண்ணியைக் கைவிட்டு வேறு கண்ணி தேடுவது சங்கிலியைச் சுத்தஞ்செய்வது ஆகாது. நாளை இதே விலகல் காபனின் பெயராலும் நடைபெறலாம் என்பதே எமது அச்சம். மின்சாரமில்லாத ஏழை நாட்டின் தொழிற்சாலையைத் திருத்துவதைவிட, அதைப் பட்டியலிலிருந்து நீக்குவது மலிவு அல்லவா?

ரங்கூன் அரிசி சொல்லும் பாடம்

நீண்ட வழங்கற் சங்கிலி எமக்குப் புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் உலகில் மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. 1930களில் ஆண்டுக்கு 30 இலட்சம் தொன் அளவில் கப்பலேறியது. வயலுக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கியவர்களில் பெருந்தொகையினர் தமிழரும் தெலுங்கரும். அந்த அரிசியை உண்டவர்களில் இலங்கை மக்களும் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். 1942இல் யப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அரிசிக்கப்பல் நின்றது. இலங்கையில் பங்கீட்டு அட்டையும் பஞ்சமும் வந்தன. அதே ஆண்டில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் காடுமலை கடந்து அகதிகளாயினர். 1964இல் கடைகள் அரசுடைமையானபோது மீண்டும் ஒரு பெயர்வு நிகழ்ந்தது. சென்னையின் பர்மா பசார் அவர்களின் நினைவுச்சின்னமாக நிற்கின்றது. சங்கிலி அறுந்தால் முதலில் விழுபவர் அதன் கடைசிக் கண்ணியில் நிற்பவரே என்பதை ரங்கூன் எமக்கு அன்றே காட்டிற்று.

அந்தப் பழைய ஆலைகளிடமிருந்து கற்கவும் ஒன்றுண்டு. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. அவ்வுமியையே எரித்து நீராவி எடுத்து ஆலையை ஓட்டினர். உமி எரியும்போது வெளியாகும் காபன், பயிர் அவ்வாண்டில் காற்றிலிருந்து எடுத்ததே. ஈரத்தில் அழுகவிட்டால் அதே உமி மெதேன் வாயுவாகும். தாத்தா காலத்து அறிவைத் தக்க சுத்திகரிப்போடு மீட்டெடுத்தால் டீசலுக்கு அதுவும் ஒரு மாற்று.

நெல்வயலிலும் மெதேன் உண்டு. எந்நேரமும் நீர் தேங்கிய சேற்றில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலிமையானது. நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரை இறங்கவிட்டுப் பின்னர் மீண்டும் பாய்ச்சும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பி வருகின்றது. இதனால் மெதேன் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைகின்றது, விளைச்சல் குறைவதில்லை. மாரியில் வெள்ளம் வடியாத கழிமுகத்தில் இது கடினம், கோடைப்போகத்தில் இயலும்.

அறுவடைக்குப் பின், எஞ்சிய ஈரத்தில் கழிமுக விவசாயி உழுந்து விதைக்கின்றார். பாய்ச்சல் வேண்டியதில்லை. காற்றிலுள்ள நைதரசனைத் தானே மண்ணில் சேர்க்கும் பயிராதலால் உரமும் சொற்பம். யாங்கோனின் பயின்னவுங் மொத்தச் சந்தையில் விலைபேசப்பட்டு அது கப்பலேறுகின்றது. ஆண்டுக்கு 2.5 இலட்சம் தொன் உழுந்தும் 1 இலட்சம் தொன் துவரையும் வாங்குவதாக, ஐந்தாண்டுகளுக்கு இந்தியா 2021இல் உறுதி செய்தது. நாம் மேலே கேட்ட பல ஆண்டுக் கொள்வனவு உறுதி கூடாத காரியமன்று என்பதற்கு இது சான்று.

எமது கடைகளில்

ஈற்றில் எம்மவர் கடைகளுக்கு வருவோம். பெருநிறுவனங்களுக்குப் புத்தி சொல்லும் நாம் எமது தட்டுகளையும் பார்த்தல் வேண்டும். கப்பலில் வரும் உழுந்தும் அரிசியும் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. விமானத்தில் வரும் முருங்கைக்காயின் கதை வேறு. கொழும்பிலிருந்து இலண்டன் 8,700 கிலோமீற்றர். ஒரு கிலோ முருங்கைக்காய் அவ்வளவு தூரம் பறந்தால் அதன் பயணம் மட்டும் 5 கிலோ காபனீரொட்சைட்டுக்கு மேல். உறையவைத்த முருங்கைக்காய் கப்பலில் வந்தால் அதில் மிகச் சிறு பங்கே. எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும் என்று நாம் கூறவில்லை. பொங்கலுக்கும் விரதத்துக்கும் பச்சைக்காய் வேண்டியவர் வாங்கட்டும். வாரம் முழுவதும் விற்காமல் வாடி எறியப்படுவதைக் குறைத்துக் கட்டளையிட்டால் கடைக்காரரின் காசும் மிஞ்சும்.

குளிரூட்டிகளும் கவனிக்கத்தக்கவை. பழைய குளிரூட்டிகள் பலவற்றிலுள்ள ஆர்-404ஏ என்னும் வாயு ஒரு கிலோ கசிந்தால், ஏறத்தாழ 3,900 கிலோ காபனீரொட்சைட்டு வெளியானதற்குச் சமம். ஆண்டுக்கொருமுறை கசிவு பார்ப்பித்து, திறந்த குளிரூட்டிக்குக் கதவு போட்டால் மின்கட்டணமும் குறையும். அயலிலுள்ள மூன்று நான்கு கடைக்காரர் சேர்ந்து ஒரே பாரவூர்தியில் பொருள் இறக்கினால் ஓட்டம் மிச்சம்.

வாங்குவோராகிய நாம் செய்யக்கூடியதும் சிறிதுண்டு. ஆடையின் புகையில் பெரும்பங்கு துணி உருவாகும்போதே எழுந்துவிடுவதால், ஓர் அங்கியை இரண்டு குளிர்காலம் அணிவதற்குப் பதிலாக நான்கு குளிர்காலம் அணிந்தால் ஆண்டுக்கான அதன் புகை ஏறத்தாழ பாதியாகின்றது. மூத்தவனுடையதை இளையவளுக்குக் கொடுப்பது வறுமையின் அடையாளம் என்று எமது பிள்ளைகள் கூச்சப்பட வேண்டியதில்லை. பெருநிறுவனங்கள் பல கோடி செலவிட்டுத் தேடும் சிக்கனத்தை எமது தாய்மார் முன்னரே அறிந்து வைத்திருக்கின்றனர்.

அடுத்த முறை அங்கி வாங்கும்போது உட்புறத் துணித்துண்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். விற்பவரிடம், 'இதைத் தைத்த தொழிற்சாலைக்கு எத்தனை ஆண்டு உறுதி கொடுத்திருக்கின்றீர்கள்? அதன் கூரைக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?' என்று கேட்டு எழுதுவோம். உடனே பதில் வராது. ஆனால் வாங்குபவர் கேட்கின்றார் என்று அறிந்தால் மாத்திரமே விற்பவர் கணக்குப் புத்தகத்தின் மூன்றாவது பேரேட்டைத் திறப்பார். அதன் கடைசிப் பக்கத்தில், லைங்தாயாவின் ஒரு தையல் இயந்திரத்தின் முன்னால், எம்மைப்போலவே ஊரிழந்த ஒருத்தி அமர்ந்திருக்கின்றாள். புகை குறையவேண்டும், ஆனால் அவளுடைய கூலியிலிருந்து அல்ல.